ஒரு கோபுரத்தில் பல ரேடியோக்கள்: குறுக்கீட்டைத் தவிர்க்கும் முறைகள்

கிராமத்தில் இணையத் தொடர்பு என்பது இன்று ஆடம்பரப் பொருளன்று. பட்டா நகல் பெறுவதற்கும், இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதற்கும், 2018-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற உழவன் செயலியின் வாயிலாகச் சந்தை விலையை அறிவதற்கும், பள்ளி மாணவர் பாடம் காண்பதற்கும் அஃது இன்றியமையாததாகிவிட்டது. தொடர்பு அரை நாள் நின்றால், வேலையை விட்டுவிட்டு வந்த விவசாயி வெறுங்கையுடன் திரும்ப நேரிடுகின்றது.

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் பெற்ற தேசிய கண்ணாடியிழை வலையமைப்புத் திட்டம் பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்றது. பஞ்சாயத்துதோறும் கண்ணாடியிழை வடத்தைக் கொண்டு சேர்ப்பது அதன் நோக்கமாகும். ஆனால் பஞ்சாயத்து அலுவலகத்திற்கு வடம் வந்த அளவிலேயே வேலை முடிந்துவிடுவதில்லை. அங்கிருந்து ஆற்றுக்கு அப்பாலுள்ள குக்கிராமத்திற்கும், மலையடிவாரத்துப் பள்ளிக்கும், துணை சுகாதார நிலையத்திற்கும் தொடர்பு செல்ல வேண்டும். பள்ளம் தோண்டி வடம் பதிக்க இயலாத இடங்களில், உயரமான கோபுரத்திலோ மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் மேலோ ரேடியோக் கருவியைப் பொருத்தி, காற்றின் வழியே தகவலை அனுப்புகின்றனர். ஊருக்கும் ஊருக்கும் இடையே தகவலைச் சுமந்து செல்லும் இவ்விணைப்பைத் தொழில்நுட்ப வல்லுநர் ‘பேக்ஹால்’ என்பர். பல கிளை வாய்க்கால்களுக்கு நீரளிக்கும் தலைமை வாய்க்காலை இதற்கு ஒப்பிடலாம். அதில் அடைப்பு ஏற்படின் கடைமடை முழுவதும் காயும்.

ஒரு கோபுரத்தில் ஒரு ரேடியோ மட்டும் இருக்கும் வரையில் தொல்லை குறைவு. இரண்டாவதும் மூன்றாவதும் வந்து சேரும்போதுதான் ஒன்றன் பேச்சை மற்றொன்று கெடுக்கத் தொடங்குகின்றது. இக்குறுக்கீடு எவ்வாறு தோன்றுகின்றது, எவ்வழிகளில் அதனைத் தவிர்க்கலாம், பஞ்சாயத்து செய்யத்தக்கது யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குறுக்கீடு தோன்றும் விதம்

இரவு நேரத்தில் மத்திய அலை வானொலியைத் திருப்பினால், ஒரு நிலையத்தின் பேச்சின் மீது மற்றொரு நிலையத்தின் பாட்டு ஏறி ஒலிப்பதைப் பலர் கேட்டிருப்பர். இரண்டும் ஒரே அலைவரிசையில் வருவதே அதன் காரணம். கோபுரத்தில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. ஆயினும் அங்கு நிலைமை இன்னும் கடுமையானது. ஏனெனில், கெடுக்கும் ஒலி நெடுந்தொலைவிலிருந்து வருவதன்று. அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பத்து கிலோமீட்டர் இடைவெளியில் இரு கோபுரங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும், ஆற்றலை ஒரு திசையில் ஆயிரம் மடங்கு குவிக்கவல்ல தட்டு ஆண்டெனா ஒன்று மற்றதை நேராக நோக்கியுள்ளது. பேசும் அலைவரிசை 5.8 கிகாஹெர்ட்ஸ். இடையில் மரமோ கட்டடமோ இல்லை. இவ்வளவு நல்ல நிலையிலும், ஒரு முனையில் ரேடியோ செலுத்தும் ஆற்றலில் மறுமுனையின் ரேடியோவுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ அறுபது லட்சத்தில் ஒரு பங்குதான். எஞ்சியதெல்லாம் வெளியில் பரவி வீணாகின்றது.

இப்பொழுது, அதே கோபுரத்தில் வேறு ஊரை நோக்கி இரண்டாவது ரேடியோ ஒன்றைப் பொருத்துகின்றோம். தட்டு ஆண்டெனா முன்புறமே பெரும்பகுதி ஆற்றலைச் செலுத்தும் என்பது உண்மை. எனினும் பக்கங்களிலும் பின்புறத்திலும் சிறிது கசிவு இருந்தே தீரும். அக்கசிவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே முதல் ரேடியோவுக்குள் நுழைவதாக வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இக்கசிவு, பத்து கிலோமீட்டர் கடந்து வந்த செய்தியைவிட ஆறு மடங்கு வலியது! ஆகவே, இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்து, ஒன்று பேசும் அதே நொடியில் மற்றொன்று கேட்க முயலுமாயின், கேட்கும் ரேடியோவுக்கு அண்டை வீட்டாரின் கூச்சல் மட்டுமே காதில் விழும்.

ஆற்றலைக் கூட்டுவது தீர்வாகுமா?

இணைப்பு மெலிந்தவுடன் பலரும் முதலிற் செய்வது ரேடியோவின் ஆற்றலைக் கூட்டுவதாகும். இது பயன் தராத முறை. ஒருவர் கூட்டினால் மற்றவரின் இணைப்பு கெடும், அவரும் கூட்டுவார். இரு ரேடியோக்களும் பத்து மடங்கு உரக்கப் பேசினால், விரும்பிய செய்தியும் பத்து மடங்காகும், கசிவும் பத்து மடங்காகும். இரண்டுக்கும் உள்ள விகிதம் சிறிதும் மாறாது. இடையில், அடுத்த ஊர்க் கோபுரங்களுக்கும் தொல்லை பரவும். சட்டம் வகுத்த உச்ச வரம்பும் மீறப்படும். இணைப்பு செவ்வனே நடைபெறுவதற்குத் தேவையான அளவு ஆற்றலை மட்டுமே பயன்படுத்துதல் நன்று. உண்மையான தீர்வு வேறு நான்கு வழிகளில் உள்ளது.

முதல் வழி: தடத்தைப் பகிர்ந்துகொள்ளுதல்

இந்தியாவில் 2018 அக்டோபரில் வெளியிடப்பெற்ற அறிவிக்கை, 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமம் இன்றிப் பயன்படுத்த வழிவகுத்தது. இது 5150 முதல் 5350 வரையிலும், 5470 முதல் 5875 வரையிலும் பரவியுள்ளது. யாவரும் பயன்படுத்தலாம் என்பது நன்மை. அதன் மறுபுறத்தையும் அறிந்துகொள்ளல் வேண்டும். இப்பகுதியில் எவருக்கும் தனிப் பாதுகாப்பு இல்லை. ‘நான் முன்னரே வந்தவன், என் இணைப்பைக் கெடுக்காதே’ என்று சட்டத்தின் துணைகொண்டு கேட்க இயலாது. ஆதலின், இங்கு ஒத்துழைப்பே காப்பு.

இவ்வகலத்தைச் சேனல் எனப்படும் தடங்களாகப் பிரித்துப் பயன்படுத்துவர். தடம் அகலமாக இருப்பின் வேகம் மிகும். ஆனால் பிறருக்கு இடம் குறையும். சான்றாக, 5725 முதல் 5875 வரையுள்ள 150 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள தடங்கள் ஏழு அடங்கும். 40 ஆயின் மூன்றே அடங்கும். 80 ஆயின் ஒன்றுதான். பள்ளிக்கும் சுகாதார நிலையத்திற்கும் தேவையான வேகத்தை 20 அல்லது 40 தருமாயின், 80-ஐப் பிடித்துக்கொள்வது, ஒரு மடைக்கு உரியவர் வாய்க்கால் முழுவதையும் தம் வயலுக்குத் திருப்பிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

அடுத்தடுத்த தடங்களை ஒரே கோபுரத்தில் பயன்படுத்துவதும் நன்றன்று. எந்த ரேடியோவும் தன் தடத்தின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. வரப்பைத் தாண்டி நீர் ஊறுவதுபோல் பக்கத்துத் தடத்திலும் கசியும். வை-ஃபை தரவிதிப்படி, 20 மெகாஹெர்ட்ஸ் தடத்தில் பேசும் கருவியின் கசிவு, தடத்தின் மையத்திலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் விலகிய இடத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும். ஆதலின் இரு ரேடியோக்களுக்கும் இடையில் ஒரு தடத்தையேனும் காலியாக விட்டால், முன்னர் ஆறு மடங்காக இருந்த இடையூறு, விரும்பிய செய்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைந்துவிடும். இயன்றால் இன்னும் தள்ளி வைத்தல் சிறப்பு. மிக அருகிலுள்ள ரேடியோ வேறு தடத்தில் பேசினாலும், அதன் வலிமை கேட்கும் கருவியின் முகப்பை மழுங்கச் செய்யக்கூடும்.

பல ரேடியோக்களில் தடத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் அமைப்பு உண்டு. தனியொரு வீட்டுக்கு அது வசதியாயிருக்கலாம். பலர் பகிரும் கோபுரத்திலோ, ஒரு ரேடியோ இடம் மாறினால் மற்றொன்றும் மாற, யார் எங்கிருக்கிறார் என்பதே தெரியாமற் போகும். ஆகவே கோபுரத்தில் தடத்தைக் கையால் நிலைநிறுத்தி, அதைப் பதிவு செய்தல் வேண்டும். பஞ்சாயத்து அலுவலகத்துக்குள் இயங்கும் வை-ஃபை கருவியும் அதே தடத்தில் அமையாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வழி: இடைவெளியும் திசையும்

ஆண்டெனாக்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒரே மட்டத்தில் பொருத்துவதைவிட, ஒன்றன் மேல் ஒன்றாகப் போதிய இடைவெளி விட்டுப் பொருத்துவது மேலானது. தட்டு ஆண்டெனாவின் கசிவு மேலும் கீழும் குறைவாக இருப்பது இதற்குக் காரணம். இரண்டு அல்லது மூன்று மீட்டர் இடைவெளி கிடைக்குமாயின் நல்ல பயன் தெரியும். ஒரே பக்கம் நோக்கும் இரண்டை அருகருகே வைத்தலும், ஒன்றன் முகத்துக்கு எதிரே மற்றொன்றை வைத்தலும் தவிர்க்கப்பட வேண்டியவை. முதுகோடு முதுகாக அமைவது நலம். தட்டின் விளிம்பைச் சுற்றி உலோக உறை பொருத்திய ஆண்டெனாக்கள் கிடைக்கின்றன. அவை பக்கக் கசிவை வெகுவாகக் குறைப்பதால், நெருக்கமான கோபுரத்தில் அவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவு வீணன்று.

அலையை நெடுக்கு நிலையில் ஒரு ரேடியோவும் கிடை நிலையில் மற்றொன்றும் அனுப்பினால் இடையூறு குறையும் என்பது பழைய முறை. இக்காலத்து ரேடியோக்களிற் பெரும்பாலானவை வேகத்தின் பொருட்டு இரு நிலைகளையுமே ஒருங்கே பயன்படுத்துகின்றன. ஆதலின் இம்முறையை மட்டும் நம்பியிருத்தல் இயலாது.

மூன்றாம் வழி: நேர ஒழுங்கு

தடங்கள் போதாமற்போகும்போது உதவுவது நேர ஒழுங்கு. ஒரு மேட்டின் மேல் இருவர் நின்று, எதிரெதிர்த் திசைகளில் தொலைவிலுள்ளவர்களுடன் கூவிப் பேசுவதாக எண்ணிப் பாருங்கள். ஒருவர் கூவும்போது மற்றவர் காது கொடுத்துக் கேட்க முயன்றால் ஒன்றும் விளங்காது. இருவரும் ஒரே நேரத்தில் கூவி, ஒரே நேரத்தில் வாய்மூடிக் கேட்டால், இருவர் பேச்சும் நடைபெறும். கோபுரத்து ரேடியோக்களுக்கும் இதுவே விதி. எல்லாம் ஒன்றாகப் பேச வேண்டும். எல்லாம் ஒன்றாகக் கேட்க வேண்டும்.

இவ்விதியைக் கிராம இணைப்புகளுக்குப் பொருத்திக் காட்டிய பெருமை நம் நாட்டு ஆராய்ச்சிக்கு உண்டு. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கங்கைச் சமவெளிக் கிராமங்களை இணைக்க நடைபெற்ற முயற்சியின் தொடர்ச்சியாக, பாஸ்கரன் ராமன், காமேஸ்வரி செப்ரோலு ஆகிய இருவரும் 2005-ஆம் ஆண்டில் இம்முறையை விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். சாதாரண வை-ஃபை கருவிகள் பேசுவதற்கு முன் சுற்றும் கேட்டு, எவரேனும் பேசினால் தாம் காத்திருக்கும் இயல்புடையவை. ஓர் அறைக்குள் இது நற்பழக்கம். கோபுரத்திலோ, அண்டை ரேடியோவின் குரல் கேட்டே எந்நேரமும் காத்துக் கிடப்பதால் வேகம் குன்றுகின்றது. நேரத்தைப் பங்கிட்டுக் கொடுத்தால் இக்குறை நீங்குகின்றது.

நமது மாநிலத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஊர்களின் பார்வை மையங்கள், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையுடன் நெடுந்தொலைவு வை-ஃபை வாயிலாக இணைக்கப்பட்டன. கிராமத்தில் அமர்ந்த நோயாளியை மருத்துவமனையில் இருந்த மருத்துவர் திரையில் கண்டு பேசினார். நேரத்தைப் பங்கிடும் முறையைக் கையாண்டபோது, சாதாரண வை-ஃபையைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு தகவல் சென்றது என்று அவ்வாய்வாளர்கள் 2007-இல் எழுதினர். மாதம் 3000 கிராம நோயாளிகளுக்கு இவ்வலையமைப்பு பயன்பட்டதாக 2008-இல் வெளிவந்த அவர்களது மற்றொரு கட்டுரை தெரிவிக்கின்றது. கண் நோயாளி பேருந்தேறிப் பட்டணம் செல்ல வேண்டுமா, சொந்த ஊரிலேயே ஆலோசனை பெறலாமா என்பது, கோபுரத்து ரேடியோக்கள் ஒழுங்காகப் பேசுவதைப் பொறுத்திருந்தது.

இன்று கடைகளில் கிடைக்கும் பல ரேடியோக்கள், ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிலிருந்து நொடிக்கொரு முறை வரும் துடிப்பைக் கொண்டு தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கின்றன. ஆயினும் கடிகாரம் ஒத்திருந்தால் மட்டும் போதாது. பேசும் நேரம் எவ்வளவு, கேட்கும் நேரம் எவ்வளவு என்ற பங்கீடும் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். வெவ்வேறு நிறுவனத் தயாரிப்புகள் பெரும்பாலும் இவ்வாறு ஒத்து இயங்குவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு கோபுரம் பேசும்போது அதனோடு இணைந்த அடுத்த கோபுரம் கேட்க வேண்டும். ஆகவே கோபுரங்கள் ஒன்று விட்டு ஒன்றாக, ‘ஒற்றை’, ‘இரட்டை’ என இரு வகையாகப் பிரிய வேண்டும். வரிசையாக அமைந்த ஊர்களில் இஃது எளிது. மூன்று ஊர்கள் முக்கோணமாக ஒன்றையொன்று நோக்குமாயின் இவ்வொழுங்கு நடைபெறாது. முதலாவது ஒற்றை, இரண்டாவது இரட்டை எனில், மூன்றாவது எதுவாக இருப்பினும் இருவரில் ஒருவரோடு மோதும். அத்தகைய இடத்தில் மூன்று இணைப்புகளில் ஒன்றையேனும் வேறு தடத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். கருவிகளை வாங்குமுன் ஊர்களின் வரைபடத்தைக் காகிதத்தில் வரைந்து பார்த்தால் இது புலப்படும்.

நான்காம் வழி: உரிமம் பெற்ற அலைவரிசை

தடையின்றி நடைபெற வேண்டிய பெரிய இணைப்புக்கு, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வாயிலாக உரிமம் பெற்ற மைக்ரோவேவ் அலைவரிசையைச் சேவை நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. செலவு மிகுதி, ஆனால் பாதுகாப்பு உண்டு. இங்கும் பேசுவதற்கு ஒரு பகுதி, கேட்பதற்கு ஒரு பகுதி என இரண்டு உண்டு. ஒரு கோபுரத்தில் ஒரே அலைவரிசைத் தொகுதியிலுள்ள ரேடியோக்கள் எல்லாம் உயர்ந்த பகுதியில் பேசினால், உயர்ந்த பகுதியிலேயே பேச வேண்டும். ஒன்று மட்டும் மாறிப் பேசினால் அண்டையின் காதிலேயே கூவுவதாகும். முக்கோண விதி இதற்கும் பொருந்தும்.

குறையைக் கண்டறிவது எப்படி?

இணைப்பு மெலிவதற்குக் காரணங்கள் பல. காற்றில் ஆண்டெனா திரும்பியிருக்கலாம். இடையிலே தென்னை வளர்ந்திருக்கலாம். மின்சாரம் ஏறி இறங்கலாம். அண்டை ரேடியோதான் காரணமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பயன்பாடு குறைந்த நேரத்தில், இரு தரப்பாரும் உடனிருக்க, முதலில் ஒரு ரேடியோவை மட்டும் பத்து நிமிடம் இயக்கி அதன் வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் மற்றதை மட்டும் இயக்கிக் குறிக்க வேண்டும். மூன்றாவதாக இரண்டையும் ஒருங்கே முழு வேகத்தில் இயக்கிப் பார்க்க வேண்டும். தனித்தனியே நன்றாக இருந்து, சேர்ந்து இயங்கும்போது மட்டும் வேகம் விழுமாயின், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கின்றன என்பது திண்ணம். தனியே இயங்கும்போதும் மெலிந்திருந்தால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். அரைமணி நேரத்தில் முடியும் இச்சோதனை பல மாதச் சச்சரவைத் தீர்க்கவல்லது.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

செல்பேசிக் கோபுரங்களும் வடம் பதித்தலும், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு வழியுரிமை விதிகள், 2024-க்கு உட்பட்டவை. அவ்விதிகளின்படி வரும் விண்ணப்பங்களை அதற்குரிய முறையிலேயே கையாள வேண்டும். பஞ்சாயத்துக்குச் சொந்தமான தொட்டியிலோ கட்டடத்திலோ சிறிய ரேடியோக்களுக்கு இடமளிக்கும்போது, மேலதிகாரிகளின் ஆலோசனையுடன் கீழ்க்கண்டவற்றை ஒப்பந்தத்திற் சேர்த்துக்கொள்வது நலம் என்று கருதுகிறோம்.

1. கோபுரப் பதிவேடு ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்தல் வேண்டும். ரேடியோவின் உரிமையாளர், பொருத்திய நாள், தரையிலிருந்து உயரம், நோக்கும் திசை, தடத்தின் எண்ணும் அகலமும், செலுத்தும் ஆற்றல், நேர ஒழுங்கு உண்டா இல்லையா என்பவை அதில் இடம்பெற வேண்டும்.

2. புதிய ரேடியோ பொருத்துவோர் முதலில் பதிவேட்டைப் பார்த்து, காலியான தடத்தையும் தகுந்த இடத்தையும் எழுத்தில் குறிப்பிட வேண்டும்.

3. பொருத்துவதற்கு முன்னும் பின்னும், ஏற்கெனவே உள்ள இணைப்புகளின் வேகத்தை மேற்கண்ட சோதனையால் அளந்து பதிவு செய்ய வேண்டும். வேகம் குறைந்தால், புதிதாக வந்தவர் மாற்றியமைக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும்.

4. தடத்தையோ ஆற்றலையோ திசையையோ மாற்றுவோர் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும்.

5. பள்ளி, சுகாதார நிலையம், பஞ்சாயத்து அலுவலகம் ஆகியவற்றின் இணைப்புக்கென ஒரு தடத்தை ஒதுக்கி, பிறர் அதனைத் தொடாதவாறு ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும்.

6. தொட்டியின் மேல் எடை ஏற்றுமுன் பொறியாளரின் கருத்தைப் பெற வேண்டும். இடிதாங்கியும் முறையான நில இணைப்பும் இன்றி எந்தக் கருவியையும் அனுமதித்தலாகாது.

இவற்றுள் எதற்கும் பெரும் பணச் செலவு இல்லை. வேண்டுவது ஒரு நோட்டுப் புத்தகமும், அதில் விடாது எழுதும் பழக்கமுமே. ஏரி நீரை முறைவைத்துப் பாய்ச்சவும், மடை திறக்கும் நேரத்தைக் கணக்கிடவும் நம் விவசாயிகளுக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கண்ணுக்குப் புலப்படாத அலைவரிசையும் ஊருக்குப் பொதுவான சொத்தே. தத்தம் ஊர்த் தொட்டியின் மேலும் கோபுரத்தின் மேலும் இன்று எத்தனை ரேடியோக்கள் உள்ளன, அவை யாருடையவை என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் முதலில் எண்ணிப் பார்த்து, அடுத்த கூட்டத்திலேயே பதிவேட்டைத் தொடங்குவார்களாக. நான்காவது ரேடியோவுடன் ஒருவர் வந்து இடம் கேட்கும் நாளில், அவருக்கு எந்தத் தடத்தில், எந்த உயரத்தில் இடமுண்டு என்று உடனே சொல்ல அப்பதிவேடு உதவும்.